டெக்கும் கட்டற்ற மென்பொருளும்: கேட்டவர்களுக்குப் பதில்

டெக் மென்பொருளில் புத்தகப் பக்கம் அமைப்பது என் பிழைப்பு. அப்படிப்பட்ட மென்பொருளும் ஒரு கைவினைதான் என்று சொல்லிவருகிறேன். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, டெக் இலவசம்தானே?

காசு கேட்க மாட்டார்கள். ஆனால் விஷயம் அது இல்லை, அது கட்டற்றது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மன் 1985இல் ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பியை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். வாங்கியவர் அதைத் திருத்தலாம், ஊருக்கே நகலெடுத்துக் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல், அவர்கள் குழம்பட்டும். இரண்டு சொல் வைத்திருக்கும் நாம் ஏன் குழம்ப வேண்டும்?

மென்பொருளைப் போய்க் கைவினை என்கிறீர்களே, மிகையாக இல்லையா?

1977இல் தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப் படியைப் பார்த்தார் கணினி அறிஞர் டொனால்ட் குனூத். அச்செழுத்தின் வடிவம் அவருக்குப் பிடிக்கவில்லை. சில மாதத்தில் முடித்துவிடலாம் என்று தானே ஒரு மென்பொருள் எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. எஸ் என்ற ஒரே எழுத்தின் வளைவோடு மல்லுக்கட்டி, அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

டெக் ஒவ்வொரு வரியாக உடைத்துக்கொண்டு போகாது. பத்தி முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் எங்கே உடைப்பது என்று முடிவு செய்யும். ஒருமுறை பத்தியின் கடைசி வரியில் ஒரு சொல்லை மாற்றினேன். இரண்டாம் வரி உடையும் இடம் மாறிவிட்டது. அன்று வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1990இல் ‘இனிப் புது வசதி கிடையாது, பிழைதிருத்தம் மட்டும்’ என்று குனூத் அறிவித்தார். பதிப்பு எண் பை (π) மதிப்பை நோக்கி ஒவ்வோர் இலக்கமாக நீள்கிறது, இப்போது 3.141592653. விற்கிற சரக்கை ‘முடிந்தது’ என்று சொல்ல எந்த நிறுவனத்துக்கும் துணிவு வராது.

இலவசம் என்பதைத் தவிர வேர்டை விட எதில் மேல்?

முதல் பதிலையும் இரண்டாம் பதிலையும் படியுங்கள்.

சார், குனூத் ஸ்டான்போர்டில் சம்பளம் வாங்கிய பேராசிரியர். ‘முடிந்தது’ என்று அவர் சொல்லலாம். ஓப்பன்எஸ்எஸ்எல் கதை தெரியுமா?

தெரியும். 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோதுதான், இணையத் தொடர்பை மறையாக்க எத்தனையோ தளங்கள் நம்பியிருந்த அந்தக் கட்டற்ற மென்பொருளுக்கு நன்கொடை வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர் என்பது பலருக்குத் தெரிந்தது. சம்பளம் பற்றிச் சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

அப்போ கைவினை என்ற பேச்சே சோறு போடாது, அப்படித்தானே?

தச்சன் செய்த கட்டிலில் படுத்துக்கொண்டு கூலி கொடுக்காமல் போனால், குறை தச்சுவேலையில் இல்லை தம்பி.

தமிழ் வருமா?

யூனிகோடு படிக்கும் டெக் வகையான ஸீடெக், ஒரு யூனிகோடு எழுத்துரு. போதும்.

இன்டிசைன் இலவசமாக எங்கே கிடைக்கும்?

மறுபடியும் இலவசம்! அது காசு கொடுத்து வாங்கும் பக்க அமைப்பு மென்பொருள், என்னிடம் இல்லை.

டெக்கில் பிழை கண்டுபிடித்தால் குனூத் காசோலை தருவாராமே?

ஆரம்பத்தில் 2.56 டாலர். வருடாவருடம் இரட்டிப்பாக்கி 327.68இல் நிறுத்தினார். 2008 முதல் நிஜக் காசோலை கிடையாது, சான் செரிஃப் என்ற கற்பனைத் தீவு நாட்டின் வங்கிச் சான்றிதழ்தான். காசாக்க முடியாது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். நிஜக் காசோலை வாங்கியவர்களிலும் நிறையப் பேர் அதைத்தான் செய்தார்கள்.