வீட்டுக்காரர் "ஏழு நாளில் காலி செய்" என்றால் போய்விட வேண்டுமா?

வாசகி ஒருவர் எழுதியது: "டர்பன் சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அவுட்பில்டிங்கில் 4 வருடமாகக் குடியிருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், 72 வயது மாமியார். முதல் வருடத்துக்கு மட்டும் லீஸ் எழுதினோம், அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வாடகை 4,800 ரேண்ட். போன வாரம் வீட்டுக்கார அங்கிள் வந்து, அடுத்த மாதத்திலிருந்து 7,500 கொடுங்கள், இல்லாவிட்டால் ஏழு நாளில் காலி செய்யுங்கள் என்றார். முடியாது என்றோம். அதிலிருந்து தினமும் சாயங்காலம் முன் வீட்டு கரன்ட் போர்டில் எங்கள் லைனை ஆஃப் செய்துவிடுகிறார். மாமியாரின் இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கிறது. டெபாசிட்டைக் கேட்டால் பெயின்ட் அடித்ததற்குச் சரியாகப் போய்விட்டது என்கிறார். சொந்த வீடே வாங்கிவிடலாம் என்று டர்பன் ஃபீனிக்ஸில் ஒரு ஃப்ளாட்டுக்கு 650,000 ரேண்டுக்கு ஆஃபர் எழுதி ஏஜென்டிடம் 20,000 கட்டினோம். பேங்க் லோன் கொடுக்கவில்லை, ஏஜென்ட் பணம் திரும்ப வராது என்கிறார். அங்கிள் எங்கள் கோயில் கமிட்டியில் இருப்பவர், கேஸ் என்று போகவும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?"

சகோதரி, முதலில் ஒன்று. பெட்டி கட்டாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் குடியிருக்கும் ஒருவரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டை விட்டு வெளியேற்ற யாராலும் முடியாது. இது அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அந்த உத்தரவும் கேட்டவுடன் கிடைக்காது. வீட்டுக்காரர் 1998ஆம் வருடத்து வெளியேற்றத் தடைச் சட்டப்படி மனுப் போட வேண்டும், விசாரணைக்கு 14 நாளாவது முன்னால் உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும், வீட்டில் முதியவர் உண்டா, குழந்தைகள் உண்டா, போக வேறு இடம் உண்டா என்பதையெல்லாம் நீதிபதி பார்த்த பிறகுதான் முடிவு. உங்கள் மாமியாரின் வயதும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அங்கே கணக்கில் வரும். அங்கிளின் வாய்வார்த்தைக்கு அந்த இடத்தில் மதிப்பு இல்லை.

லீஸ் முடிந்துபோய்விட்டதே என்று நினைக்க வேண்டாம். 1999ஆம் வருடத்து வாடகை வீட்டுச் சட்டம் இதற்கு நேராகவே பதில் சொல்கிறது: லீஸ் முடிந்த பிறகும் நீங்கள் இருக்கிறீர்கள், அவரும் வாடகையை வாங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால் பழைய லீஸ் அதே நிபந்தனைகளோடு மாதாமாதம் ஓடுகிறது என்று அர்த்தம். அதை முடிக்க வேண்டுமானால் குறைந்தது ஒரு மாத நோட்டீஸ், அதுவும் எழுத்தில். வாசலில் நின்று சொன்ன ஏழு நாள் செல்லாது. நாளைக்கே அவர் ஒரு மாத நோட்டீஸை ஒழுங்காக எழுதிக் கொடுத்தாலும், மாதம் முடிந்ததும் பூட்டை மாற்றும் உரிமை அவருக்கு வந்துவிடாது, அப்போதும் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

மின்சாரம்தான் இதில் மிக மோசமான விஷயம், இன்றைக்கே கவனிக்க வேண்டியதும் அதுதான். குடியிருப்பவரைச் சட்டவிரோதமாக வெளியே வைத்துப் பூட்டுவதும், கரன்ட், தண்ணீரை நிறுத்துவதும் அதே வாடகை வீட்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் குற்றம். அபராதம் போடலாம், இரண்டு வருடம் வரை சிறையும் உண்டு. போலீஸில் போய்ச் சொன்னால் "இது சிவில் விவகாரம், வக்கீலைப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்பக்கூடும், இந்தப் பேச்சை என் கட்சிக்காரர்கள் நிறைய கேட்டிருக்கிறார்கள். 16ஆம் பிரிவு என்று எழுதிய ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, புகார் எண் தரும் வரை நகராதீர்கள். போர்டில் உங்கள் சுவிட்ச் மட்டும் கீழே இறங்கியிருப்பதை எட்டத்திலிருந்தாவது படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்குப் போனது, எப்போது வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மீட்டரில் போடும் ப்ரீபெய்ட் கரன்ட் டோக்கனுக்கு அவரிடம் பணம் கொடுத்திருந்தால் அந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள். இன்சுலின் விஷயத்தை கிளினிக்கில் ஒரு கடிதமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அவசரம் என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அப்புறம் நேராக டர்பனில் இருக்கும் குவாசூலு-நட்டால் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். எல்லோரும் ட்ரைபியூனல் என்றுதான் சொல்வார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. (என் தொழிலுக்கே விரோதமான பேச்சுதான், ஆனால் உங்கள் கேஸுக்கு இதுதான் சரியான வழி.) ஃபாரத்தை நிரப்பி, அடையாள அட்டை, பழைய லீஸ், வாடகை கட்டிய ஆதாரம், படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். கரன்ட்டை உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லும் உத்தரவைக் கேளுங்கள், அதைப் போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அவர்கள் தரும் தீர்ப்பு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவுக்குச் சமம். புகார் கொடுத்த நாளிலிருந்து தீர்ப்பு வரும் வரை, அல்லது மூன்று மாதம், எது முன்னால் வருகிறதோ அதுவரை அவர் உங்களை வெளியேற்ற முடியாது.

ஆனால் அந்தப் பாதுகாப்பு வாடகை கட்டுகிறவருக்குத்தான். கோபத்தில் வாடகையை நிறுத்தி, ஜெயிக்க வேண்டிய கேஸைத் தோற்றவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள். வழக்கமான தேதியில் 4,800 ரேண்டை பேங்க் வழியாக அனுப்புங்கள், ரெஃபரென்ஸில் எந்த மாதத்து வாடகை என்று போடுங்கள். பணமாகத்தான் வேண்டும் என்றால் ரசீது கேளுங்கள், ரசீது கொடுப்பது அவர் கடமை.

சரி, 7,500? உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வாடகை இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று இங்கே சட்டம் எதுவும் இல்லை. லீஸ் அதே நிபந்தனைகளோடு ஓடும் வரை அவர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, ஆனால் முறையாக நோட்டீஸ் கொடுத்து, புது லீஸ், புது வாடகை என்று கேட்கலாம். அதற்கும் ஒரு தடுப்பு இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க் பிராம்ஃபொன்டைனில் ஒரு பழைய கட்டடத்தை வாங்கிய கம்பெனி, குடியிருந்தவர்களின் லீஸை நோட்டீஸ் கொடுத்து முடித்துவிட்டு, இருக்க வேண்டுமானால் இரண்டு மடங்குக்கும் மேல் வாடகை கொடுங்கள் என்றது. அந்த மபாங்கோ வழக்கில் 2012இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது இது: லீஸில் நோட்டீஸ் கொடுக்க இடம் இருந்தாலும், வாடகையை ஏற்றுவதற்காகவே லீஸை முடிப்பது நியாயமற்ற செயலா என்று பார்க்கும் அதிகாரம் ட்ரைபியூனலுக்கு உண்டு. ஒரேயடியாக 2,700 ரேண்ட் ஏற்றம் சரிதானா என்று நீங்களும் கேட்கலாம். பக்கத்துத் தெருக்களில் அதே மாதிரி அவுட்பில்டிங் என்ன வாடகைக்குப் போகிறது என்று நாலைந்து விளம்பரங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கட்டாயம் கேட்பார்கள். அக்கம்பக்கத்திலும் 7,000தான் என்று தெரிந்தால், நடுவில் ஒரு தொகைக்குப் பேசி முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

டெபாசிட்டுக்கு வருவோம். அதை வட்டி வரும் கணக்கில் போட்டு வைக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு, வட்டிக்கு ஆதாரம் கேட்டால் காட்ட வேண்டும். நீங்கள் குடியேறும் முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைப் பார்த்து, குறைகளை எழுதி லீஸோடு இணைத்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்று நடந்ததாகத் தெரியவில்லை. போகும்போதும் லீஸ் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் சேர்ந்து பார்க்க வேண்டும். உங்களை வைத்துக்கொண்டு அவர் பார்க்காவிட்டால், வீடு நல்ல நிலையில் இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், முழு டெபாசிட்டும் வட்டியோடு திரும்பி வர வேண்டும். நீங்கள் பாக்கி எதுவும் வைக்கவில்லை என்றால் ஏழு நாளுக்குள், ரிப்பேருக்குக் கழித்தால் மீதி 14 நாளுக்குள், ரசீதோடு. நாலு வருடத்தில் சுவர் நிறம் மங்குவது குடியிருந்ததன் தேய்மானம், நீங்கள் செய்த சேதம் அல்ல. ஆனால் டெபாசிட்டை இன்றைக்குக் கேட்க வேண்டியதில்லை, நீங்கள் இன்னும் அந்த வீட்டில்தானே இருக்கிறீர்கள்.

ஃபீனிக்ஸ் ஃப்ளாட் விஷயத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஆஃபரை எடுத்து, லோன் கிடைத்தால்தான் ஒப்பந்தம் என்ற பாண்ட் (வீட்டுக் கடன்) நிபந்தனை இருக்கிறதா, தேதி என்ன என்று பாருங்கள். அது இருந்து, நீங்கள் ஒழுங்காக விண்ணப்பித்தும் பேங்க் அந்தத் தேதிக்குள் தரவில்லை என்றால் ஒப்பந்தம் தானாகவே விழுந்துவிடும், 20,000 திரும்பி வர வேண்டும். பேங்கின் மறுப்புக் கடிதத்தை வைத்து ஏஜென்டுக்கு எழுத்தில் கேளுங்கள், பணம் டிரஸ்ட் கணக்கில் (பிறர் பணத்தைத் தனியாக வைக்கும் கணக்கு) இருக்கிறதா, ஏஜென்ட் தொழில் செய்யத் தேவையான, செல்லுபடியாகும் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் அவருக்கு இருக்கிறதா என்றும் சேர்த்தே கேளுங்கள். சான்றிதழ் இல்லாத ஏஜென்டுக்கு கமிஷன் வாங்கவே உரிமை கிடையாது. அந்த நிபந்தனை இல்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் நிலைமை கஷ்டம், ஒப்பந்தத்தை முழுசாகப் படிக்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். மறுபடி வாங்கப் போகும்போது, குடும்ப வருமானம் மாதம் 3,501 முதல் 22,000 ரேண்டுக்குள் இருந்தால், குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இருந்து முதல் வீடாகவும் இருந்தால், அரசின் ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ் மானியத்தைக் கேட்டுப் பாருங்கள். 650,000 ரேண்ட் வீட்டுக்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டி என்ற சொத்து மாற்ற வரி கிடையாது, 2025 ஏப்ரல் முதல் 1,210,000 ரேண்ட் வரை பூஜ்யம்தான். ஆனால் வீட்டை உங்கள் பேருக்கு மாற்றிப் பதியும் வக்கீலான கன்வேயன்ஸரின் செலவும் பாண்ட் பதிவுச் செலவும் உண்டு, அவற்றை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

கோயில் கமிட்டி என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது, தைப்பூசத்தில் காவடிக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவர் மேல் புகார் கொடுக்க யாருக்கும் மனசு வராது. ட்ரைபியூனலில் முதல் வேலையே சமரசம்தான், இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசுவார்கள், முடிந்தால் அதையே உத்தரவாக எழுதிவிடுவார்கள். போவதற்கு முன்னால் அங்கிளுக்கு மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள்: கரன்ட்டை இன்றைக்கே கொடுங்கள், வாடகையைப் பற்றி உட்கார்ந்து பேசலாம், லீஸை எழுத்தில் தாருங்கள் என்று. கேட்டால் எழுதித் தருவதும் அவர் கடமைதான். அந்தக் கடிதத்துக்கு ஒரு நாள் போதும். மறுநாள் சாயங்காலமும் சுவிட்ச் இறங்கினால், காலையில் ட்ரைபியூனலுக்குக் கிளம்பிவிடுங்கள்.