'ஒழிக்கப்பட்டது' என்ற சொல் அந்தச் சட்டத்தில் ஏன் இல்லை?

கேள்வி: நீலகிரி மாவட்டக் கூடலூர் பகுதியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் பணியர் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர். இந்தியாவில் அடிமை முறையை ஒழித்தது 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் என்று சொல்லிக்கொடுத்து வந்தேன். மூலத்தைத் தேடி எடுத்துப் படித்தால் நான்கே பிரிவுகள். 'அடிமை முறை ஒழிக்கப்படுகிறது' என்ற வரியைக் காணவில்லை. நான் படித்தது சரியான ஆவணந்தானா? இந்த நடையை எப்படிப் புரிந்துகொள்வது, பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

பதில்: சரியான ஆவணத்தைத்தான் எடுத்திருக்கிறீர்கள். அந்த வரி அதில் இல்லை என்பதும் உண்மை. பழைய ஆவணங்களைப் படித்துத் தமிழில் எழுதிக்கொடுப்பதை நெடுநாள் தொழிலாகக் கொண்ட எனக்கு, உங்கள் கேள்வி மிகுந்த நிறைவைத் தந்தது. பெரும்பாலோர் தலைப்போடு நின்றுவிடுகிறார்கள்.

பழைய சட்ட வாசகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது, 'இந்த வாக்கியம் யாரைப் பார்த்துப் பேசுகிறது?' என்பதைத்தான். முதல் பிரிவைத் தமிழில் வைத்துப் பார்ப்போம்: 'நீதிமன்றத் தீர்ப்பையோ உத்தரவையோ நிறைவேற்றும்போதும், குத்தகை, வரி பாக்கிகளை வசூலிக்கும்போதும், ஒருவர் அடிமை நிலையில் இருக்கிறார் என்ற காரணத்தால் அவரையோ, அவரிடம் கட்டாய வேலை வாங்கும் உரிமையையோ எந்த அரசு அலுவலரும் விற்கவோ விற்கச் செய்யவோ கூடாது.' இங்கே கட்டளை அரசு அலுவலருக்கு. ஆள் வைத்திருந்த நிலக்காரர் இந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை. சட்டம் ஒன்றை இவ்வளவு நுணுக்கமாகத் தடுக்கிறது என்றால், அது நடந்துகொண்டிருந்தது என்று பொருள். வரி பாக்கிக்கு மாட்டையும் பாத்திரத்தையும் ஏலம் விடுவதுபோல மனிதரையும் அரசாங்கமே விற்றது. இந்த ஒரு வரியிலிருந்தே பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளை முழுவதும் பேசலாம்.

இரண்டாம் பிரிவுதான் சட்டத்தின் உயிர். இன்னொரு மனிதரின் உடல்மீதும் உழைப்பின்மீதும் அடிமை என்ற வகையில் 'சொத்துரிமை இருப்பதாகச் சொல்லி' கோரப்படும் எந்த உரிமையையும் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிப்பகுதியின் நீதிமன்றமோ மாஜிஸ்திரேட்டோ நடைமுறைப்படுத்தக் கூடாது என்கிறது. ஆங்கிலத்தில் 'அலெஜ்ட்' என்ற சொல் அங்கே நிற்பதைக் கவனியுங்கள். 'உரிமை உண்டு என்று நீ சொல்கிறாய். நான் ஒப்புக்கொள்ளவில்லை' என்பது அதன் உட்பொருள். ஆனால் கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டுந்தான். ஓடிப்போன ஆளைப் பிடித்துத் தரும்படி எஜமான் வழக்குப் போட்டால் தள்ளுபடியாகும். ஓடத் துணியாமல், போக்கிடமும் இல்லாமல் அதே வயலில் இருந்தவரை இந்தப் பிரிவு தானாக வந்து விடுவிக்கவில்லை.

அடிமையாக இருந்தவர் தானே சம்பாதித்ததையும் வாரிசாகப் பெற்றதையும் அந்தக் காரணம் காட்டிப் பறிக்கக் கூடாது என்பது மூன்றாம் பிரிவு. நான்காவது, சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாகும் எதுவும் அடிமை என்ற 'சாக்கில்' ஒருவருக்குச் செய்தாலும் குற்றமே என்கிறது. எஜமானின் கைப்பிரம்பை இந்தச் சட்டம் தொடுவது இங்கேதான். முதல் பிரிவில் 'காரணம்' என்று இருந்தது நான்காவதில் 'சாக்கு' ஆகிவிடுகிறது. இரண்டு சொற்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிப்போடுங்கள்.

நிலவரி நிலக்காரர்களிடமிருந்துதான் வந்தது. அவர்களைப் பகைத்துக்கொள்ளக் கம்பெனிக்கு மனமில்லை. இந்தச் சுற்றிவளைத்த நடைக்கு அதுவே முதற்காரணம் என்பது என் முடிவு. 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய ஒழிப்புச் சட்டமும் அதன் 64ஆம் பிரிவில் கம்பெனி ஆட்சிப்பகுதிகளை விலக்கியே வைத்தது. ஆளை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில்; அது நடைமுறைக்கு வந்தது 1862இல். அதன் 370ஆம் பிரிவு 'எவரொருவர்' என்று தொடங்கியது. சட்டத்தின் முகம் நிலக்காரரை நோக்கித் திரும்புவதை அந்த ஒரு சொல்லில் பார்க்கலாம்.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். கூடலூர் வட்டாரம் 1877 வரை மலபார் மாவட்டத்தின் வயநாட்டைச் சேர்ந்தது. ஆகவே அந்தக் காலத்துக்கு நீலகிரிக் கோப்புகளைப் புரட்டி நாளை வீணாக்காதீர்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கோழிக்கோட்டிலும் மலபார் மாவட்டப் பதிவுகள் என்று கேளுங்கள். அவற்றில் ஜன்மம், காணம், பாட்டம் என்ற சொற்கள் வரும். ஜென்ம நிலச் சிக்கல் இன்றுவரை தீராத ஊரில் இருக்கும் உங்களுக்கு அவற்றுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை: முழு உடைமை, அடமானம், வாடகை. மலபாரில் நிலத்தை மட்டுமல்லாமல் ஆட்களையும் இதே மூன்று வகையில்தான் கைமாற்றினார்கள். எனவே ஒரு பத்திரத்தில் 'ஜன்மம்' என்று கண்டதும் நிலம் என்று முடிவுகட்டிவிடாமல், அடுத்த வரியில் எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். முதன்முறை அந்த இடத்தில் வயலுக்குப் பதில் ஆட்களின் கணக்கைப் பார்த்தபோது என்னால் மேலே படிக்க முடியவில்லை.

1843ஐ மட்டும் நடத்தி நிறுத்திவிடாமல், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நீங்கள் தேடிய வரி அதன் நான்காம் பிரிவில் இருக்கிறது: இந்த முறை ஒழிந்தது, ஒவ்வொரு கொத்தடிமையும் விடுபட்டார். யாரும் மனுப் போட வேண்டியதில்லை. கிரயப் பத்திரத்தில் 'இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று எழுதியதும் சொத்து கைமாறுவதுபோல, இங்கே சொல்லே செயலாகிறது. கடனையும் ஆறாம் பிரிவு அழித்துவிடுகிறது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது என்கிறது 15ஆம் பிரிவு. 'ஒப்பந்தம்' என்ற சொல்லுக்கு விளக்கம் தரும் இடத்தில், கட்டாய உழைப்புக்கு நாடெங்கும் வழங்கிய பெயர்களின் பட்டியல் ஒன்றும் உண்டு. ஆங்கிலச் சட்டத்துக்குள் படியாள், பண்ணையாள், வெட்டி, அடியமார், செருமர் என்று நம் பக்கத்துச் சொற்கள் வரிசையாக நிற்கும். அந்தப் பட்டியலைப் பிள்ளைகளையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு வேலை கொடுங்கள். மானந்தவாடி அருகே வள்ளியூர்காவுத் திருவிழாவில் ஓராண்டு வேலைக்கு ஆள் பேசியதைப் பற்றியும், கூலியாக அளந்த 'வல்லி' நெல்லைப் பற்றியும் வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதி வரட்டும். அவர்கள் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். சொன்னால், சொன்ன சொல்லை மாற்றாமல், பணிய மொழியிலேயே எழுதி, சொன்னவரின் சம்மதத்துடன் தேதியையும் குறித்துவையுங்கள்.