நந்தினி எத்தனை முறை வருகிறாள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாசிப்புக் குழுவில் ஒன்பது பேர். ‘பொன்னியின் செல்வ’னை இணையத்தில் சேர்ந்து வாசிக்கிறோம். ஹைப்பாதிசிஸ் வழியாக வரிகளுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதுகிறோம். வோயன்ட் டூல்ஸில் ஐந்து பாகங்களையும் ஏற்றிச் சொற்களை எண்ணியும் பார்த்தோம். இரண்டிலும் சிக்கல். சொல்மேகத்தில் ‘என்று’, ‘ஒரு’, ‘அந்த’ ஆகியவைதான் பெரிதாக நிற்கின்றன. வந்தியத்தேவன் பெயருக்கான கோடு ஐந்தாம் பாகத்தில் இறங்குகிறது. கல்கி தன் நாயகனைக் கைவிட்டுவிட்டார் என்கிறார் ஒரு நண்பர். பழைய குறிப்புகள் சில பக்கத்திலிருந்தே காணாமல் போய்விட்டன. முதல் தடவை வாசிக்கும் மூன்று பேருக்கு மற்றவர்கள் குறிப்பிலேயே கதையை உடைத்துவிடுகிறார்கள். இப்படி வாசிப்பதில் பயன் உண்டா, இல்லை நாவலை மூடிவைத்துவிட்டு எண்களோடு விளையாடுகிறோமா?

ம., கோயம்புத்தூர்

அன்புள்ள ம.,

பயன் உண்டு. ஆனால் நீங்கள் முதலில் எண்ணிவிட்டு, அந்த எண்ணுக்கு விளக்கம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் பிரதியைச் சரிசெய்யுங்கள், பிறகு வாசித்துக் குறிப்பெழுதுங்கள், எண்ணிக்கையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பில் ஒருவர் சொன்னது நிற்குமா என்று பார்க்கத்தான் எண்ணிக்கை உதவும்.

பிரதியிலிருந்து தொடங்குவோம். மதுரைத் திட்டம் போன்ற தளங்களில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கும் கோப்புகள் பெரிய கொடை. ஆனால் அவற்றை அப்படியே எண்ணக்கூடாது. கோப்பின் தலையிலும் வாலிலும் இருக்கும் நன்றியுரையும் உரிமை அறிவிப்பும் நாவலின் சொற்களோடு சேர்ந்து எண்ணப்பட்டுவிடும். ஒருவர் ‘ராஜ’ என்று அடித்திருப்பார், இன்னொருவர் ‘இராஜ’ என்று. கண்ணுக்குத் தெரியாத கோளாறும் உண்டு. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நிரலுக்கு இரண்டும் வேறு வேறு சொல். ஒரே எழுத்தை எங்கும் ஒரே குறியீடாக்கும் யூனிகோட் இயல்பாக்கத்தில், கோப்பை என்எஃப்சி என்ற வடிவுக்கு மாற்றினால் இது தீரும். ‘கௌ’ எழுத வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பு போட்டு ‘ள’ அடித்திருந்தால் இயல்பாக்கம் கைகொடுக்காது, தேடித்தான் திருத்த வேண்டும். வருடிய பக்கப் படத்திலிருந்து கணினியே எழுத்தை அடையாளம் கண்டு (ஓசிஆர்) எடுத்த பிரதி என்றால் காலும் ரகரமும் மாறிக் கிடக்கும், புள்ளிகள் உதிர்ந்திருக்கும்.

இந்த வேலை முடிந்ததும் அத்தியாயத்துக்கு ஒரு கோப்பாகப் பிரியுங்கள். பாகவாரியாக 57, 53, 46, 46, 91 என மொத்தம் 293 அத்தியாயங்கள். பெயரை 001, 002 என்று மூன்று இலக்கத்தில் வையுங்கள். இல்லையென்றால் 1-க்கு அடுத்து 10 வந்து நின்று கதை வரிசை குலையும்.

குறிப்புகள் காணாமல் போனதற்கும் பிரதிதான் காரணம். ஹைப்பாதிசிஸ் உங்கள் குறிப்பை அந்தப் பக்கத்துக்குள் எழுதுவதில்லை. பக்கத்தின் முகவரி, நீங்கள் தேர்ந்த வரி, அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில எழுத்துகள், பக்கத்தில் அந்த வரியின் இடம் ஆகியவற்றைத் தன் சர்வரில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை பக்கத்தைத் திறக்கும்போது அந்த வரியைத் தேடிப் பிடிக்கிறது. நடுவில் யாராவது பக்கத்தைத் திருத்தி, வரி பெரிதாக மாறிவிட்டால் பிடி கிடைக்காது. குறிப்பு அழிவதில்லை, பக்கப்பட்டியில் ‘ஆர்ஃபன்ஸ்’ என்ற தனித் தாவலுக்குள் போய்விடும். முதலில் அங்கே பாருங்கள். அங்கும் இல்லையென்றால் அதை எழுதியவர் வேறு முகவரியில் வாசித்திருப்பார். அதே அத்தியாயம் இரண்டு தளங்களில் இருந்தால் ஒன்றில் எழுதிய குறிப்பு மற்றதில் தெரியாது. இணையப் பக்கத்தில் எழுதியது பிடிஎஃபில் வராது.

இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் என்ற இந்தியக் கணக்கில் பார்த்தாலும் 2014-ஓடு காப்புரிமை தீர்ந்துவிட்டது. எனவே நீங்கள் சரிசெய்த பிரதியையே உங்களுடைய எளிய தளம் ஒன்றில் அத்தியாயத்துக்கு ஒரு பக்கமாக ஏற்றலாம். பக்கத்தின் நிரலில் ஹைப்பாதிசிஸ் தரும் ஒற்றை வரியைச் சேர்த்துவிட்டால், உலாவியில் நீட்சி எதுவும் நிறுவாமலே, கைபேசியிலும் குறிப்புப் பட்டி திறக்கும். ஒரு சுற்று வாசிப்பு முடியும்வரை அந்தப் பிரதியில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாதீர்கள். கண்ணில் படும் பிழையைக் குறிப்பாக எழுதிவைத்து, சுற்று முடிந்தபின் மொத்தமாகத் திருத்துங்கள். எண்ணுவதற்கும் இதே கோப்புகள்தான். இருவேறு பிரதிகளை வைத்துக்கொண்டு குறிப்பையும் எண்ணையும் ஒப்பிடுவது வீண் வேலை.

கதையை உடைக்கும் நண்பர்களுக்காக இரண்டு தனிக்குழுக்கள் தொடங்குங்கள். ஒன்று முதல் வாசிப்புக்கு, இன்னொன்று மறுவாசிப்புக்கு. பக்கப்பட்டியில் ஒரு நேரத்தில் ஒரு குழுவின் குறிப்புகள்தான் தெரியும் என்பதால் மூன்று பேரும் தப்பிப்பார்கள். பட்டியின் மேலே குழுவைத் தேர்ந்த பிறகே எழுத வேண்டும். தேர்வு ‘பப்ளிக்’ என்று இருந்துவிட்டால் குறிப்பு ஊருக்கே போய்விடும். குறிச்சொற்களையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்: வரலாறு, மொழி, உத்தி, ஊகம், கேள்வி. ஐந்து போதும். ஆளுக்கொரு சொல்லாகப் போட ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் ‘சரித்திரம்’, ‘வரலாற்றுத் தகவல்’, ‘ஹிஸ்டரி’ என்று ஒரே பொருளுக்கு மூன்று பெட்டிகள் கிடக்கும். முழுப் பத்தியையும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒன்பது பேரும் அப்படிச் செய்தால் பக்கம் முழுக்க மஞ்சளாகி, எந்த வரியைப் பற்றிப் பேச்சு என்றே தெரியாது. ஓர் அத்தியாயத்துக்கு ஒருவர் மூன்று குறிப்பு, அதில் ஒன்று கட்டாயம் கேள்வி என்று வைத்துக்கொண்டால் பேச்சு நகரும். ‘அருமை’ என்ற குறிப்புக்கு யாரும் பதில் எழுத முடியாது.

இனி எண்ணுவது. இந்தக் கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனதில் வைத்து உருவானவை. சில நிரல்களில் ‘சொல்’ என்றால் எழுத்துகளின் தொடர் மட்டுமே. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அதில் சேராது. பைத்தான் என்ற நிரல்மொழியோடு வரும் வழக்கமான தேடல் நூலகத்தில் ‘நந்தினி’யைக் கொடுத்தால் ‘நந’, ‘த’, ‘ன’ என்று மூன்று துண்டாக்கிவிடும். பைத்தானில் ‘ரீஜெக்ஸ்’ என்ற தனி நூலகத்தை நிறுவிக்கொண்டால் இது நடக்காது. ஒரு சொல் வரும் வரிகளையெல்லாம் அடுக்கிக் காட்டும் ஆன்ட்கான்க் என்ற மென்பொருளில், சொல்லின் வரையறையில் ‘லெட்டர்’ (எழுத்து) வகையோடு ‘மார்க்’ (உயிர்மெய்க் குறி, புள்ளி) வகையும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கருவியானாலும் நாவலை ஏற்றுமுன் ‘நந்தினி நந்தினியை நந்தினிக்கு’ என்று மூன்றே சொல் உள்ள கோப்பை ஏற்றுங்கள். மூன்று சொல் என்று காட்டினால் மேலே போகலாம்.

அடுத்தது வேற்றுமை உருபு. ‘வந்தியத்தேவன்’ என்று புள்ளியோடு தேடினால் அந்த ஒரு வடிவம் மட்டும்தான் வரும். வந்தியத்தேவனை, வந்தியத்தேவனுக்கு, வந்தியத்தேவனும், வந்தியத்தேவரே எல்லாம் விடுபடும். புள்ளிக்கு முந்தைய மெய்யையும் வெட்டி, ‘வந்தியத்தேவ’ என்று எழுதி உடுக்குறி (*) போடுங்கள், அப்படித் தொடங்கும் எல்லாச் சொல்லும் வரும். கடலைத் தேட ‘கடல’ என எழுதி உடுக்குறி. கடலும் கடலிலும் வந்துவிடும். ஆனால் கடற்கரையும் கடற்படையும் வராது, ‘கடற்’ என்பதற்குத் தனியாக உடுக்குறி வேண்டும். வோயன்ட்டில் இரண்டுக்கும் நடுவே நேர்க்கோடு (|) இட்டால் ஒரே கணக்காகக் கூட்டும், காற்புள்ளி இட்டால் தனித்தனிக் கோடாகக் காட்டும். குட்டைச் சொற்களில் கவனம் தேவை. மரத்தைத் தேட ‘மர’ என்று போட்டால் மரணமும் மரபும் சேர்ந்து வரும்.

எண்ணும்போது ஒதுக்க வேண்டிய சொற்களின் பட்டியலை, அதாவது விலக்குச் சொற்பட்டியலை, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சொல்மேகத்தின் மேல் ஓரத்தில் உள்ள அமைப்புப் பொத்தானை அழுத்தினால் பட்டியலைத் திருத்தும் இடம் வரும். வரிக்கு ஒரு சொல். ஒரு, அந்த, இந்த, தான், போன்றவற்றைத் தள்ளுங்கள். என்றான், என்றாள், என்றார் மூன்றையும் தள்ளிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் இதற்கு நேரான சொல்லை யோசிக்காமல் ஒதுக்கிவிடுவார்கள். யார் பேசினாலும் அங்கே வினை ஒன்றுதான். தமிழில் அந்த விகுதி, கதைசொல்லி பேசுபவருக்கு எவ்வளவு மரியாதை தருகிறார் என்று சொல்லிவிடுகிறது. என்றான், என்றாள் என்றால் பேசுபவர் ஆணா பெண்ணா என்றும் தெரிந்துவிடும், என்றார் இருவருக்கும் பொது. உரையாடல் எங்கே அடர்கிறது, எந்த அத்தியாயங்களில் பெண்கள் பேச்சு கூடுகிறது என்று பார்க்க இந்த மூன்று சொற்களைவிட நல்ல கைப்பிடி கிடையாது. உண்மையில் சொல்மேகத்தையே நான் பரிந்துரைக்க மாட்டேன். பார்க்க அழகாக இருக்கும், அதை வைத்து எந்தக் கேள்வியும் கேட்க முடியாது.

இப்போது உங்கள் நண்பரின் வாதம். பெயர் குறைந்தால் ஆள் குறைந்தார் என்று எடுத்துக்கொள்வது தமிழில் மிகவும் ஆபத்து. ‘வந்தான், பார்த்தான், திடுக்கிட்டான்’ என்று எழுவாயே இல்லாமல் ஒரு பக்கம் ஓடும். வந்தியத்தேவன் பாதாளச் சிறையில் கிடக்கும்போதோ சுரங்கப்பாதையில் தனியாக நடக்கும்போதோ அவனைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டிய தேவை குறைவு. நாலு பேர் கூடிய சபையில்தான் பெயர் திரும்பத் திரும்ப வரும். உரையாடலில் அவன் ‘தம்பி’, ‘அப்பனே’, ‘ஐயா’. வல்லவரையன் என்றும் வருவான், வாணர் குலத்து வீரன் என்றும் வருவான். ஆக அந்தக் கோடு காட்டுவது, கல்கிக்கு அவனைப் பெயர் சொல்லிப் பிரித்துக்காட்ட வேண்டிய அவசியம் எங்கே வந்தது என்பதைத்தான். அளவும் ஏமாற்றும். 1,500 சொல் உள்ள ஓர் அத்தியாயத்தில் ஒரு பெயர் 6 தடவையும் அதே நீளமுள்ள அடுத்ததில் 9 தடவையும் வந்தால் வரைபடம் 50 சதவீத ஏற்றம் காட்டும். நடந்தது மூன்று வாக்கியம். பாகங்களை ஒப்பிடும்போது, மொத்தச் சொற்களில் எத்தனை பங்கு என்ற ஒப்பீட்டு அளவையே எடுங்கள். 91 அத்தியாயங்கள் கொண்ட ஐந்தாம் பாகத்தை 46 கொண்ட நான்காம் பாகத்தோடு வெறும் எண்ணிக்கையில் ஒப்பிடக் கூடாது.

பாத்திரங்களுக்குப் பெயர் அட்டவணை ஒன்று போடுங்கள். குந்தவைக்கு இளைய பிராட்டி, ஆழ்வார்க்கடியானுக்குத் திருமலை, பூங்குழலிக்குச் சமுத்திரகுமாரி. ‘இளவரசர்’ என்பதை யார் கணக்கிலும் கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். ஆதித்த கரிகாலனும் இளவரசர், அருள்மொழியும் இளவரசர். ‘பழுவேட்டரையர்’ இருவர். ஆன்ட்கான்க்கில் அந்தப் பெயர் வரும் வரிகளை அதற்கு இடப்பக்கத்து முதல் சொல்லை வைத்து அடுக்கினால் ‘பெரிய’ ஒரு கட்டாகவும், ‘சின்ன’, ‘சின்னப்’ ஆகியவை அடுத்தடுத்தும் வந்துவிடும். அடைமொழி இல்லாமல் வருபவற்றை ஒவ்வொன்றாகப் படித்துத்தான் பிரிக்க வேண்டும்.

முதல் வாசிப்பில் இருக்கும் மூவரும் இந்தப் பத்தியைத் தாண்டிவிடட்டும். ‘மதுராந்தக’ என்று உடுக்குறி போட்டு எண்ணினால் நாவலின் மையச் சூழ்ச்சியே கணக்கில் கலந்துவிடும். கடைசியில் சேந்தன் அமுதன்தான் அந்தப் பெயருக்கும் அரியணைக்கும் உரியவன் ஆகிறான். எனவே அட்டவணையில் பெயருக்குப் பக்கத்தில் எந்த அத்தியாயத்திலிருந்து எதுவரை அது யாரைக் குறிக்கிறது என்று இன்னொரு கட்டம் வேண்டும். ஊமை ராணியின் உருவில் நந்தினி வரும் இடங்களுக்கும் இதே கவனம் தேவை. சக்கரவர்த்தி பார்த்த உருவம் யாருடையது என்பதை நிரல் சொல்லாது.

எண்ணுவது கைகொடுக்கும் கேள்வி ஒன்று சொல்கிறேன். கல்கி முதல் அத்தியாயத்திலேயே நேயர்களைத் தன்னோடு கற்பனை ஓடத்தில் ஏறச் சொல்லி அழைக்கிறார். அந்த நேரடிப் பேச்சு நாவல் நெடுகத் தொடர்கிறதா? 1950 அக்டோபரில் தொடங்கி வாராவாரம் வந்த தொடர் இது. இடைவெளி விட்டு வாசிப்பவரை நினைவூட்டி இழுத்துவர வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. ‘நேயர’, ‘வாசகர’ இரண்டையும் உடுக்குறியோடு நேர்க்கோட்டில் சேர்த்துத் தேடுங்கள். வரும் வரிகள் ஒவ்வொன்றையும் படித்து, கதையை நினைவூட்டுகிறாரா, வரலாற்று விளக்கம் தருகிறாரா, மன்னிப்புக் கேட்டுக் காட்சியை மாற்றுகிறாரா என்று பிரியுங்கள். பிறகு ஹைப்பாதிசிஸிலிருந்து குழுவின் குறிப்புகளைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, ‘வரலாறு’, ‘உத்தி’ குறிச்சொற்கள் எந்த அத்தியாயங்களில் குவிகின்றன என்று பக்கத்தில் வையுங்கள். கல்கி நேயர்களிடம் பேசியும் உங்களில் ஒருவர்கூடக் குறிப்பெழுதாத அத்தியாயங்கள் சில கிடைக்கலாம். கிடைத்தால் அடுத்த கூட்டத்தில் அவற்றையே வாய்விட்டு வாசியுங்கள்.

இதே முறையில் இன்று எழுதும் ஒருவருடைய நாவலை எடுத்தால், பிரதியைத் தளத்தில் ஏற்ற அவர் அனுமதி வேண்டும். வோயன்ட்டின் பொதுத் தளத்தில் ஏற்றுவதும் அதில் அடங்கும். ஏற்றியது அங்கே தங்கும், சுட்டி கிடைத்தவர் திறக்கலாம். அதற்கென்றே அதைத் தரவிறக்கி ஜாவா உள்ள சொந்தக் கணினியில் ஓட்டும் வசதி இருக்கிறது. அச்சேறாத கைப்பிரதிகளை அதில் மட்டுமே திறங்கள்.

அன்புடன்.