கண்ணீர்ப்பையில் சீழ்: எந்த மருந்து கேட்கும்?

கேள்வி: 58 வயது அம்மாவுக்கு ஆறு மாதமாக இடது கண்ணில் நீர் வடிகிறது. மூக்கோரம் அழுத்தினால் சீழ் வருகிறது. சொட்டு மருந்தை நிறுத்தியதும் திரும்புகிறதே, ஏன்?

பதில்: கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாய் அடைத்திருக்கிறது. தேங்கிய நீரில் கிருமி வளர்கிறது. சொட்டு மருந்து கிருமியைக் குறைக்குமே தவிர, அடைப்பைத் திறக்காது.

இத்தகைய சீழில் பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ், நிமோகாக்கஸ் கிருமிகள் இருக்கும், சிலருக்கு சூடோமோனாஸ். சூடோமோனாஸுக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் கேட்கவே கேட்காது. ஆகவே கல்ச்சர் பாருங்கள், அதாவது சீழில் உள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் பரிசோதனை. அன்று மருந்து விடும் முன்பே, கண்ணீர்த் துளையில் பிதுங்கும் சீழை மட்டும் பஞ்சுக்குச்சியில் எடுக்க வேண்டும். இமையில் பட்டால் தோல் கிருமி வளர்ந்து முடிவு தவறிவிடும். ரிப்போர்ட்டில் 'எஸ்' என்றால் மருந்து கேட்கும். 'ஆர்' என்றால் கேட்காது.

நிரந்தரத் தீர்வு, கண்ணீர்ப்பையிலிருந்து மூக்குக்குப் புது வழி திறக்கும் டி.சி.ஆர். அறுவை சிகிச்சைதான். கண்புரை ஆபரேஷன் இருந்தால் தயவுசெய்து இதை முதலில் முடியுங்கள். இந்தக் கிருமி கண்ணுக்குள் புகுந்தால் பார்வையே போகலாம்.