செல்சியஸை அப்படியே போட்டதுதான் சிக்கல்

27 டிகிரியில் 600 மி.லி. இருக்கும் காற்றை 54 டிகிரிக்குச் சூடாக்கினால் 1200 மி.லி. ஆகவேண்டாமா, புத்தகத்தில் ஏன் 654 என்று இருக்கிறது எனக் கேட்டிருக்கிறீர்கள். புத்தகம் சரிதான்.

அழுத்தம் மாறாதபோது வாயுவின் கன அளவு வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் மாறும் என்கிற சார்லஸ் விதியில் செல்சியஸை அப்படியே போடக்கூடாது. செல்சியஸில் பூஜ்யம் என்பது தண்ணீர் உறையும் வெப்பநிலை, அவ்வளவுதான். உங்கள் கணக்குப்படி பார்த்தால் அந்தக் குளிரில் காற்றே காணாமல் போயிருக்கும்! அதனால் மிகக் குறைந்த வெப்பநிலையையே பூஜ்யமாக வைத்து எண்ணும் கெல்வின் அளவுக்கு மாற்றுங்கள், செல்சியஸோடு 273 கூட்டினால் போதும்: 27 + 273 = 300, 54 + 273 = 327. இப்போது 600 × 327 ÷ 300 = 654. 1200 மி.லி. வேண்டுமென்றால் 600 கெல்வின், அதாவது 327 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும்.

அப்புறம், கேள்வியில் ‘அழுத்தம் மாறாமல்’ என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய இரும்பு உருளைக்குள் இருக்கும் வாயு என்றால் கன அளவு மாற இடமில்லை, அழுத்தம்தான் ஏறும்.