ஐகானை எடுத்தால் சந்தா நிற்காது

செல்லூர் வாசகர்: போனில் 94 ஆப் இருக்கிறது. தினமும் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்கிறது. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த நல்ல கிளீனர் ஆப் ஒன்று சொல்லுங்கள்.

95-வதாக ஒன்றா? வேண்டாம். பிளே ஸ்டோரில் மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு, 'மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்', அதில் 'மேனேஜ்' போங்கள். வரிசையை 'லீஸ்ட் யூஸ்டு' என்று மாற்றினால், மாதக்கணக்காகத் தொடாதவை மேலே வந்து நிற்கும். டிக் அடித்துக் குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டால் மொத்தமாகப் போய்விடும். எடுக்க மனசில்லையா? பிளே ஸ்டோர் செட்டிங்ஸில், 'ஜெனரல்' பகுதியில் தானாக ஆர்க்கைவ் செய்யும் வசதி இருக்கிறது. இடம் தட்டுப்படும்போது நீங்கள் தொடாத ஆப்பைச் சுருக்கி வைக்கும். உள்ளே இருக்கும் உங்கள் தகவல் அழியாது. ஐபோனில் இதற்கு 'ஆஃப்லோட்' என்று பெயர்.

ஆனால் இடத்தைத் தின்பது பெரும்பாலும் ஆப் இல்லை, வாட்ஸ்அப்பில் குவிந்த 'குட் மார்னிங்' வீடியோக்கள். அதன் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போய், 5 எம்பி-க்கு மேற்பட்டவற்றை முதலில் கழியுங்கள். தானாக டவுன்லோடு ஆவதையும் நிறுத்துங்கள்.

'ரேமைக் காலி செய்கிறேன்' என்கிற கிளீனர்களுக்கு நானும் ஒரு வருஷச் சந்தா கட்டியவன்தான். விளம்பரம் கூடியதே தவிர வேகம் கூடவில்லை. அடுத்த முறை சட்டென்று திறக்கத்தான் ஆண்ட்ராய்டு ஆப்பை ரேமில் வைத்திருக்கிறது. அதை அடித்து மூடினால் முதலிலிருந்து கிளம்ப வேண்டும்; பேட்டரிதான் கரையும்.

பழங்காநத்தம் வாசகர்: டவுன் ஹால் ரோட்டில் வாங்கிய புதுப் போனில் நான் கேட்காத ஆப் 14 இருக்கிறது. கடையில் கொடுத்தால் எடுத்துத் தருவார்களா?

நீங்களே எடுக்கலாம். 'அன்இன்ஸ்டால்' வராதவற்றுக்கு 'டிஸேபிள்' இருக்கும்.

திருமங்கலம் வாசகி: போட்டோ எடிட்டிங் ஆப் ஒன்றை மூன்று நாள் இலவசம் என்றதால் போட்டேன். பிடிக்கவில்லை, மறுநாளே எடுத்துவிட்டேன். ஆனாலும் மாதம் 499 ரூபாய் போகிறது. இது மூன்றாவது மாதம்.

பேப்பர்காரரிடம் சொல்லாமல் கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் பேப்பர் நிற்குமா? ஆப் வேறு, சந்தா வேறு. இதை எத்தனை முறை எழுதினாலும் வாரம் நாலு கடிதம் வருகிறது. தப்பு உங்கள்மேல் மட்டும் இல்லை. அந்தத் திரையே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. '1 ரூபாய்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் கீழே, மங்கலான சாம்பல் நிறத்தில், 'மாதந்தோறும், அதிகபட்சம் 499' என்று இருக்கும். ஒரு ரூபாய்தானே என்று நீங்கள் போடும் யுபிஐ பின், கீழே இருக்கிற வரிக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து.

நிறுத்தும் வழி: பிளே ஸ்டோரில் உங்கள் படம், 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்', 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்', 'கேன்சல்'. அங்கே இல்லையென்றால் பணம் நேராகப் போகிறது. அன்று எந்த யுபிஐ ஆப்பில் பின் போட்டீர்களோ அதில் 'ஆட்டோபே' பட்டியலைத் திறந்து ரத்து செய்யுங்கள். 'பாஸ்' (Pause) போட்டுவிட்டுத் திருப்திப்படாதீர்கள். அது கொஞ்ச நாள் ஓய்வு, அவ்வளவுதான். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நாம்தான் அதையும் விளம்பரம் என்று தள்ளிவிடுகிறோம்.

பிளே ஸ்டோர் வழியாகப் போயிருந்தால், பிடித்த 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே திருப்பிக் கேளுங்கள். பழைய மாதங்களுக்கு ஆப் நிறுவனத்துக்கு எழுதுங்கள். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளில் சந்தாப் பொறியும் ஒன்று. புகாரில் அந்தப் பெயரையே எழுதுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

அவனியாபுரம் வாசகர்: தள்ளுபடியில் 64 ஜிபி போன் வாங்கினேன், மூன்றே மாதத்தில் நிரம்பிவிட்டது. மெமரி கார்டு போட்டு ஆப்களை அதற்கு மாற்றலாமா?

இப்போதைய போன்கள் பலவற்றில் ஆப்பைக் கார்டுக்கு மாற்ற விடுவதில்லை. போட்டோ, வீடியோ போகும். 64-லும் சிஸ்டம் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும். பெட்டியில் எழுதியிருப்பதை வாங்கும் முன் படிப்பதுதான் வழக்கம்.

மேலூர் வாசகர்: தெரிந்தவர் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. திறந்தால் இன்ஸ்டால் கேட்டது, கொடுத்தேன். 18,000 ரூபாய் போய்விட்டது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட வேண்டியவன் நீங்கள் இல்லை. உடனே போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வேறு போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்குவதற்குத்தான் இந்த அவசரம். வந்த ஃபைலை அழிக்கும் முன், அந்தப் பக்கத்தை இன்னொரு போனில் படம் எடுத்து வையுங்கள். அந்த ஏபிகே, அதாவது ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல், உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபி-யை அனுப்பிக்கொண்டிருக்கும். ஐகானே தெரியாமல் ஒளிந்தும் இருக்கும். அதனால் போட்டோக்களைக் காப்பாற்றிக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் போடுவதே பத்திரம். பாஸ்வேர்டுகளை வேறு போனில் மாற்றுங்கள். அனுப்பிய தெரிந்தவருக்கும் போன் போடுங்கள், அவர் போனும் சிக்கியிருக்கும். பிறகு செட்டிங்ஸில் 'ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்', 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' போய் வாட்ஸ்அப்புக்கு அனுமதியை எடுத்துவிடுங்கள். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்-ஆக வரும். இன்ஸ்டால் கேட்கிற முகூர்த்தம் எதுவும் இல்லை.

சிம்மக்கல் வாசகி: கேஷ்பேக்குக்காக ஐந்து யுபிஐ ஆப். எதை வைத்துக்கொள்ள?

ஒன்று, அது படுத்தால் உதவிக்கு இன்னொன்று. மற்றதில் வங்கிக் கணக்கை நீக்கிவிட்டு, அப்புறம் ஆப்பை எடுங்கள்.

உசிலம்பட்டி வாசகர்: அம்மா கை பட்டு ஐகான்கள் இடம் மாறுகின்றன, காணாமலும் போகின்றன. வாரம் ஒருமுறை நான் ஊருக்குப் போய்த்தான் சரிசெய்கிறேன்.

சாம்சங் என்றால் 'ஹோம் ஸ்கிரீன்' செட்டிங்கில் 'லாக் ஹோம் ஸ்கிரீன் லே-அவுட்'டைப் போடுங்கள், ஐகான் நகராது. 'டிஸ்ப்ளே'யில் 'ஈஸி மோட்' போட்டால் எழுத்தும் ஐகானும் பெரிதாகும். அடி வரிசையில் போன், வாட்ஸ்அப், கேமரா மட்டும் போதும். அம்மாவைப் பார்க்க மட்டும் வாராவாரம் போய்க்கொண்டிருங்கள்.