முதலில் கன்னத்தைப் பாருங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தோட்டக் கிராணியாக (கணக்கு எழுதுபவனாக) இருந்து ஓய்வுபெற்றவன் நான். பேரேட்டைவிடக் குருவிகளைப் பார்த்த நேரம்தான் அதிகம். நம் ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்:

ஐயா, ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடையில்) மேசைக்கடியில் ரொட்டித் துணுக்கு பொறுக்கும் குருவியும், தமிழ்நாட்டில் தாத்தா வீட்டு உத்தரத்தில் நான் பார்த்த சிட்டுக்குருவியும் ஒன்றுதானே?

ஒன்றல்ல, பங்காளிகள். நானும் பல காலம் ஒன்றென்றே நினைத்திருந்தேன். கடைக்குருவியின் கன்னத்தைப் பாருங்கள். வெள்ளைக் கன்னத்தில், பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்ததுபோல் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். உச்சந்தலை முழுவதும் செம்பழுப்பு. இது மரச்சிட்டு, மலாய்த் தீவகற்பத்தில் வாழும் வட்டார இனத்துக்கு மலாக்கென்சிஸ் என்று பெயர். தாத்தா வீட்டுக் குருவி வேறு, அது வீட்டுச்சிட்டு. அதன் ஆணுக்கு உச்சந்தலை சாம்பல் நிறம், தொண்டையிலிருந்து நெஞ்சுவரை கறுப்பு, கன்னத்தில் பொட்டே கிடையாது. அந்த வட்டார இனம் இண்டிகஸ். ஐரோப்பாவில் உள்ள உறவுக்காரனுக்குக் கன்னம் சாம்பல், இதற்கு வெள்ளை. மரச்சிட்டு, வீட்டுச்சிட்டு இரண்டுக்கும் 1758இல் அறிவியல் பெயர் வைத்தவர் லின்னேயஸ்.

ஆண் எது, பெண் எது?

மரச்சிட்டில் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே உடுப்பு. வீட்டுச்சிட்டில் பெண்ணுக்கு உடல் மங்கிய பழுப்பு, கண்ணுக்குப் பின்னால் வெளிறிய கோடு. பொட்டு மங்கலாகவும் அலகோரம் மஞ்சளாகவும் தெரிந்தால் அது மரச்சிட்டுக் குஞ்சு. புது இனம் கண்டுபிடித்ததாகக் கிளம்பிவிடாதீர்கள்.

பெயரோ மரச்சிட்டு. அஞ்சடியிலும் (கடைமுன் நடைபாதையிலும்) தோட்டத் தொழிலாளர் லயத்துக் கூரையிலும்தானே இருக்கிறது?

பெயர் ஐரோப்பாவில் வைத்தது. அங்கே ஊருக்குள் வீட்டுச்சிட்டு இடம்பிடித்துக்கொண்டதால் இது வயல்வெளி, மரப்பொந்து என்று ஒதுங்கியது. இங்கே ஊரில் போட்டிக்கு ஆளில்லை, உள்ளே வந்து குடியேறிவிட்டது. அண்மைக் காலத்தில் வீட்டுச்சிட்டும் தீவகற்பத்தின் சில ஊர்களில் தென்படுகிறது. ஆகவே இரண்டும் ஒரே கம்பியில் உட்கார்ந்திருந்தால் வியக்க வேண்டாம்.

அண்ணே, திடலோரப் புல்லில் வெள்ளைத் தலைக்குருவி கூட்டமாக வருகிறதே, வயதான சிட்டா?

நல்ல கேள்வி, சிரித்துவிட்டேன். குருவிக்கு நரை விழாது. ஆனால் மலாய்க்காரர்களுக்கும் அதே எண்ணம்தான் வந்திருக்கிறது: பிப்பிட் ஊபான் என்கிறார்கள், ஊபான் என்றால் நரைமுடி. இது சிட்டே அல்ல, சில்லைக் குடும்பம். நீலச்சாம்பல் அலகு தடித்திருக்கும். புற்கதிரின் மேலேயே தொற்றிக்கொண்டு விதையை உருவித் தின்னும். நெஞ்சில் மீன்செதில்போலக் கோலம் இருந்தால் அது புள்ளிச் சில்லை.

எங்கள் செம்பனை மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடு பாதியிலேயே நிற்கிறது. யாராவது கலைத்துவிட்டார்களா?

யாரும் கலைக்கவில்லை. ஆண்குருவி கவிழ்த்த தொப்பிபோல் பாதிவரை பின்னிவிட்டு, அதில் தொங்கிக்கொண்டே இறக்கையடித்துப் பெண்ணைக் கூப்பிடும். பெண் வந்து கூட்டைச் சோதித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் ஆண் முட்டை அறையை முடித்துக் குழாய் வாசல் இறக்கும். பிடிக்காத கூடு அப்படியே நின்றுவிடும். கீழே விழுந்ததைப் பிள்ளைகளுக்குக் காட்ட எடுத்துப்போங்கள். தொங்குவதைத் தொடாதீர்கள், பெண் பார்க்க இன்னும் வரலாம்.